சொந்த மெயில் சர்வருக்கு எந்தப் பெயர்? கம்பம் பள்ளத்தாக்கு அலுவலகங்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளைத் தனியாக நிறுவினாலும் சரி, மெயில்கவ், ஐரெட்மெயில், மெயில்-இன்-எ-பாக்ஸ் போன்ற தயார்த் தொகுப்புகளை எடுத்தாலும் சரி, தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும்: இந்தக் கணினியின் முழுப் பெயர் என்ன? பலரும் கைக்கு வந்ததை நிரப்பிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். அனுப்பிய விலைப்பட்டியல் வாங்குபவரின் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது என்று பிறகு தெரியவரும்போது எஸ்பிஎஃப் (எந்த ஐபிகள் இந்த டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிமார்க் (அனுப்புநர் டொமைன் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்ற அறிவிப்பு) என்று எல்லாவற்றையும் நோண்டுவார்கள். பெயரை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள்.

போடி, கம்பம், குமுளி வட்டாரத்து ஏலக்காய் வணிக அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்ப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு உள்ள பதில்களை ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்திப் பார்க்கிறேன். இங்கே நிறுவனம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான்: போடியில் தலைமை அலுவலகம், மலைமேல் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ கொள்முதல் டிப்போ, குமுளியில் சுற்றுலாப் பயணிகளை நம்பி ஒரு சில்லறைக் கடை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் புத்தடியிலும் நடக்கிறது, போடியிலும் நடக்கிறது. அதனால் ஒரே முதலாளிக்கு 33-ல் தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் ஒன்று, 32-ல் தொடங்கும் கேரள எண் இன்னொன்று. இணைய இணைப்பும் இரு மாநிலத்து நிறுவனங்களிடமிருந்து வருகிறது. இந்த இரட்டைக் குடித்தனம் சர்வரின் பெயரிலும் வந்து மோதுகிறது.

எழுதிக்காட்ட எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரையே எடுத்துக்கொள்கிறேன். விளக்கங்களில் பயன்படுத்துவதற்கென்றே 1999-ல் ஆர்எஃப்சி 2606 என்ற இணைய நடைமுறை ஆவணம் அதை ஒதுக்கிவைத்தது; யாருக்கும் விற்கமாட்டார்கள்.

ஒப்பீட்டுக்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வருவது டொமைன். சர்வர் என்ற இயந்திரத்துக்கு உள்ளது ஹோஸ்ட்நேம். இரண்டையும் இணைப்பது, இந்த டொமைனின் கடிதத்தை எந்த இயந்திரத்திடம் கொடுப்பது என்று டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பெயர் அடைவில்) சொல்லும் எம்எக்ஸ் பதிவு மட்டுமே. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கூகுளிடம் அஞ்சல் சேவை வாங்கியிருக்கும் நிறுவனத்தின் எம்எக்ஸ் பதிவைப் பாருங்கள், அங்கே கூகுளின் இயந்திரப் பெயர்தான் இருக்கும். மலையேறும் லாரியை நினைத்துக்கொண்டால் போதும். நம்பர் பிளேட்டும் ஆர்சி புத்தகமும் பொருந்த வேண்டும். ஏற்றியிருக்கும் மூட்டை யாருடையது என்பது பில்லில் இருக்கும். முதலாளியின் பெயரை நம்பர் பிளேட்டில் எழுத வேண்டியதில்லை.

அந்த ஆர்சி புத்தகத்தின் இடத்தில் இருப்பது பிடிஆர் எனப்படும் தலைகீழ்ப் பதிவு. ஏ பதிவு பெயரிலிருந்து ஐபி முகவரியைச் சொல்லும். பிடிஆர் ஐபி முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும். கடிதம் பெறும் சர்வர், இணைத்த ஐபியின் பிடிஆரைப் பார்த்து, அதில் வரும் பெயர் மறுபடி அதே ஐபிக்குத் திரும்புகிறதா என்று சரிபார்க்கும். 2024 பிப்ரவரி முதல் கூகுள் இதை ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரிடமும் எதிர்பார்க்கிறது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்குத்தான் டிமார்க் கட்டாயம், ஆனால் தலைகீழ்ப் பதிவு பத்துக் கடிதம் அனுப்புபவருக்கும் வேண்டும்.

ஏ, எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் (கடிதத்தில் இடும் டிஜிட்டல் கையெழுத்துக்கான சாவி) எல்லாம் டொமைன் வாங்கியவர் கையில் இருக்கின்றன; நினைத்த நேரத்தில் மாற்றலாம். பிடிஆர் மட்டும் ஐபி முகவரியின் சொந்தக்காரர் கையில், அதாவது பிராட்பேண்ட் நிறுவனத்திடமோ சர்வர் வாடகைக்குத் தருபவரிடமோ இருக்கிறது. பெயர் தேர்வை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தப் பெயருக்குப் பிடிஆர் வாங்க முடியுமோ, வாங்கியபின் நெடுங்காலம் மாற்றாமல் இருக்க முடியுமோ, அதுவே நல்ல பெயர். அழகு பிறகு.

மொட்டை டொமைனா, முன்னால் ஒரு சொல்லா?

இயந்திரத்துக்கே எக்ஸாம்பிள்.காம் என்று பெயர் வைப்பது ஒரு வழி. மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்றோ எம்எக்ஸ்1.எக்ஸாம்பிள்.காம் என்றோ வைப்பது மறு வழி.

மொட்டைப் பெயரின் கவர்ச்சி புரிகிறது. குறைவாகத் தட்டச்சு செய்தால் போதும், ஒரே சான்றிதழ் (மறைகுறியாக்கிய இணைப்புக்கு இயந்திரம் காட்டும் அடையாளம்), இணையதளமும் அஞ்சலும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் எல்லாம் பொருந்தியும் போகும். சிக்கல் இணையதளம் வேறு இடத்துக்குப் போகும்போது தொடங்குகிறது. மதுரையில் யாரோ ஒருவர் புதிய தளம் செய்து தருகிறார், அதை அவருடைய ஹோஸ்டிங்கில் ஏற்றுகிறார், எக்ஸாம்பிள்.காமின் ஏ பதிவைத் தன் ஐபிக்குத் திருப்பச் சொல்கிறார். திருப்பிய நொடியிலிருந்து, "நான் எக்ஸாம்பிள்.காம்" என்று சொல்லிக் கடிதம் கொடுக்க வரும் உங்கள் சர்வர் பொய் சொல்கிறது. பிடிஆர் அந்தப் பெயரைக் காட்டும். அந்தப் பெயர் வேறு ஐபியைக் காட்டும். தளம் செய்தவருக்கு இது தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

போஸ்ட்ஃபிக்ஸின் உள்ளேயும் இந்த வழி குழப்பம் தரும். இயந்திரத்தின் சொந்தப் பெயர் இயல்பாகவே உள்ளூர் டெலிவரிப் பட்டியலில் இருக்கும். அதே பெயரை மெய்நிகர் அஞ்சல் டொமைன்களின் (இயந்திரத்தில் பயனர் கணக்கு தேவைப்படாத பெட்டிகளுக்கான) பட்டியலிலும் சேர்த்தால், ஒரே டொமைனை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று பதிவேட்டில் எச்சரிக்கை வரும்; கடிதங்கள் லினக்ஸ் பயனர் கணக்குகளைத் தேடிப் போய் "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பும். ஐரெட்மெயில் இந்த வம்பே வேண்டாம் என்று, முதல் அஞ்சல் டொமைன் இயந்திரத்தின் பெயராக இருக்கக் கூடாது என்று நிறுவும்போதே சொல்லிவிடுகிறது.

மொட்டைப் பெயருக்கு நான் ஓட்டுப் போடமாட்டேன்.

பேச்சோடு பேச்சாக, தளத்தை வேறு ஹோஸ்டிங்கில் வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகையில் இந்த டொமைனின் அஞ்சல் "உள்ளூர்" என்று இருந்தால், தளத்தின் விசாரணைப் படிவத்திலிருந்து கிளம்பும் கடிதம் எம்எக்ஸ் பதிவைப் பார்க்காமலே அங்கேயே ஒரு திறக்கப்படாத பெட்டியில் விழுந்துவிடும். "வெளி சர்வர்" என்று மாற்ற வேண்டும். வளைகுடா நாட்டிலிருந்து வந்த கொள்முதல் விசாரணை அப்படிப் பெட்டியில் உறங்கினால் பழி சொந்த சர்வரின் மேல்தான் விழும்.

மெயில், எம்எக்ஸ்1, மலையின் பெயர்

முன்னொட்டு வேண்டும் என்று முடிவானதும் அடுத்த சண்டை எந்தச் சொல் என்பது. மெயில் என்று வைத்தால் யாரும் ஊகித்துக்கொள்ளலாம். எம்எக்ஸ்1 என்றால் இரண்டாவது ஒன்று வரும்போது வரிசை தயாராக இருக்கிறது. மூன்றாவதாக, கணினி வேலை செய்பவர்களின் நெடுநாள் ஆசை: ஆற்றின் பெயர், சிகரத்தின் பெயர், ஊரின் பெயர். இயந்திரங்களுக்குப் பெயர் வைப்பது பற்றி 1990-லேயே ஆர்எஃப்சி 1178 என்று ஓர் ஆவணம் வந்திருக்கிறது. அந்த ஒரு இயந்திரம் இப்போது செய்யும் வேலையைப் பெயராக்காதே என்று அது அறிவுரை சொல்கிறது. பொதுக் கணினிகளுக்கு நல்ல அறிவுரைதான். மெயில் சர்வர் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இங்கே இயந்திரம் மாறினாலும் வேலை மாறாது. பெயர் வேலையோடு ஒட்டியிருப்பதே நல்லது. குமுளி1 என்று பெயர் வைத்த சர்வர் நாளைக்குச் சென்னை டேட்டா சென்டருக்குப் போனால், பதிவேட்டைப் படிக்கும் புதிய ஆள் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் தேடுவான்.

உண்மையான போட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரா, வேலைக்கொரு பெயரா என்பதில் இருக்கிறது. ஒரே பெயர் என்றால் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்பதே எம்எக்ஸ், அதுவே பிடிஆர், அதுவே போன்களில் எழுதப்படுவது. தனித்தனி என்றால் உலகத்து சர்வர்களுக்கு எம்எக்ஸ்1, நம் ஆட்களின் போன்களுக்கு மெயில். கூடுதல் செலவு ஏதும் இல்லை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு சான்றிதழில் 100 பெயர்கள் வரை இடம் தருகிறது. இரண்டையும் ஒன்றாகவே வாங்கிக்கொள்ளலாம்.

நான் இரண்டாவதன் பக்கம். காரணம் தொழில்நுட்பத்தைவிடப் புவியியல். ஒருவரின் போனில் சர்வர் பெயரை ஒருமுறை எழுதிவிட்டால், அதை மாற்ற ஆள் போக வேண்டும். டிப்போ மேற்பார்வையாளர் வண்டன்மேட்டில் இருப்பார், தோட்டத்துக் கணக்குப்பிள்ளை உடும்பன்சோலையில் இருப்பார். ஏலக்காய் பறிக்கும் பருவத்தில் இருவரையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது. போனில் இருக்கும் பெயர் இறுதி வரை மாறக் கூடாது. எம்எக்ஸ்1 என்பதோ, நாளை கடிதம் வாங்கும் வேலையைத் தனி இயந்திரத்துக்குப் பிரித்தால் அங்கே போய்விடும். போன்கள் எதையும் உணராது.

இந்தப் பிரிவினையில் ஒரு நுணுக்கம் உண்டு. மெயில் என்ற பெயரை எம்எக்ஸ்1-க்கு சிநேம் (ஒரு பெயரை மற்றொரு பெயருக்குத் திருப்பும்) பதிவாக வைக்கலாம், போன்கள் அதைப் பின்தொடர்ந்து போகும். சான்றிதழில் மட்டும் போனில் எழுதிய பெயர் இருக்க வேண்டும். ஆனால் எம்எக்ஸ் பதிவு சுட்டும் பெயர் சிநேமாக இருக்கக் கூடாது. 1997-ன் ஆர்எஃப்சி 2181 அதைத் தெளிவாகத் தடுக்கிறது. பல சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில பொறுத்துக்கொள்ளாது. எவை என்று முன்கூட்டித் தெரியாது. எம்எக்ஸ்1-க்கு நேரடி ஏ பதிவு போட்டுவிடுங்கள்.

டிஎன்எஸ்ஸை கிளவுட்ஃபிளேரில் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு பெயர்களுக்கும் ஆரஞ்சு மேகக் குறியை அணைக்க வேண்டும். அந்த இடைநிலைச் சேவை இணையப் பக்கங்களுக்கானது. அஞ்சல் போர்ட்டுகளை அது கடத்தாது.

பெயரில் ரகசியமும் வேண்டாம். சான்றிதழ் வாங்கிய ஒவ்வொரு பெயரும் பொதுவெளிச் சான்றிதழ்ப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. பழைய-கணக்கு-சர்வர் என்று பெயர் வைத்துச் சான்றிதழ் வாங்கினால், எங்கே தட்ட வேண்டும் என்று நாமே விளம்பரம் கொடுத்ததாகும்.

பெயர் எங்கே குடியிருக்க வேண்டும்?

இதுதான் இந்த வட்டாரத்தின் பெரிய கேள்வி. அலுவலக பிராட்பேண்ட் இணைப்பிலேயே சர்வரை வைப்பது முதல் வழி. விபிஎஸ் (டேட்டா சென்டரில் உள்ள மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் அங்கே வைப்பது இரண்டாவது. முன்வாசல் மட்டும் விபிஎஸ்ஸில், பெட்டிகள் அலுவலகத்தில் என்பது மூன்றாவது.

அலுவலக இணைப்பை எடுத்துக்கொள்வோம். சாதாரண வீட்டு இணைப்புகள் பலவற்றில் தனிப் பொது ஐபியே கிடைப்பதில்லை, 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையிலிருந்து ஒரு முகவரியைக் கொடுத்து, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே எந்தப் பெயரும் வேலைக்கு ஆகாது. கூடுதல் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கினாலும், அது ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில், அதாவது நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத வீட்டு இணைப்புகளின் பட்டியலில் இருக்கலாம். சர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் கொடுக்கும் போர்ட் 25 திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் பிடிஆர். எல்லைக்கு இந்தப் பக்கத்து நிறுவனம் ஒன்றிடம் அதைக் கேட்டபோது, வாடிக்கையாளர் சேவைப் பெண் பொறுமையாக, "அது எந்த பிளான் சார்?" என்று கேட்டார். ஐபி எண்களையே கோர்த்து எழுதிய ஒரு பொதுப் பெயர் அங்கே ஏற்கெனவே பிடிஆராக இருக்கும். அந்த மாதிரிப் பெயரைக் கண்டாலே வீட்டு இணைப்பு என்று முடிவு கட்டும் சர்வர்கள் ஏராளம்.

மின்வெட்டும், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து ஃபைபர் அறுவதும்தான் பெரிய பயம் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். அஞ்சலைப் பொறுத்தவரை அது சின்னப் பயம். பெறும் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்புபவர் கடிதத்தை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயல வேண்டும், கைவிடுவதற்கு முன் குறைந்தது 4 அல்லது 5 நாள் பார்க்க வேண்டும் என்கிறது 2008-ன் ஆர்எஃப்சி 5321. ஒரு ராத்திரி இருட்டில் எந்தக் கடிதமும் தொலையாது. தவறான பெயரோடு வெளிச்சத்தில் இருப்பதுதான் ஆபத்து.

இணைப்பு அறுவதற்கு மாற்றாக இங்கே பலரும் இரண்டு இணைப்பு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று, கேரள நிறுவனம் ஒன்று. ஒன்று விழுந்தால் ரவுட்டர் மற்றதற்குத் தாவும். பில்லிங்குக்கு அருமை. சர்வருக்கோ, தாவிய கணத்தில் வெளி ஐபி மாறிவிடுகிறது, ஆனால் அது தன் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சுத்தமான தீர்வு ஒன்று உண்டு: எம்எக்ஸ்1-க்கு இரண்டு ஏ பதிவுகள், இரு ஐபிகளின் பிடிஆரும் எம்எக்ஸ்1-ஐயே காட்டுவது, எஸ்பிஎஃப்பில் இரண்டையும் எழுதுவது. எந்தப் பக்கம் போனாலும் சரிபார்ப்பு பொருந்தும்; உள்ளே வரும் கடிதமும் ஒரு முகவரி திறக்காவிட்டால் மற்றதை முயலும். காகிதத்தில் குறையே இல்லாத ஏற்பாடு. இரண்டு மாநில நிறுவனங்களிடமும் நிலையான ஐபியும் பிடிஆரும் வாங்கித் தருபவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

விபிஎஸ்ஸில் இந்த வம்பு கிடையாது. பிடிஆரைப் பல நிறுவனங்கள் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே மாற்ற விடுகின்றன. எம்எக்ஸ்1 என்று எழுதிச் சேமித்தால் முடிந்தது. பதிலுக்கு வேறு கதவுகள் மூடியிருக்கும். கூகுள் கிளவுடில் வெளியே போகும் போர்ட் 25 பெரும்பாலும் மூடியே இருக்கும். அமேசானில் விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டும். வேறு சிலர் புதிய வாடிக்கையாளருக்கு முதலில் மூடிவைத்துப் பின்னர் திறப்பார்கள். முந்தைய வாடகைக்காரர் ஸ்பேம் அனுப்பிக் கெடுத்த ஐபி நம் தலையில் விழலாம். ஆகவே பணம் கட்டிய அன்றே தடைப்பட்டியல்களில் பார்த்துவிட்டு, கெட்டதாக இருந்தால் வேறு கேட்பது நல்லது. ஐபிவி6 (புதிய வகை ஐபி) முகவரியும் கூடவே வரும். அதற்கும் பிடிஆர் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஜிமெயில் ஏற்காது. எழுத மனமில்லை என்றால், ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பு என்று போஸ்ட்ஃபிக்ஸிடம் சொல்லிவிடலாம்.

மூன்றாவது வழி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. சின்ன விபிஎஸ் ஒன்று எம்எக்ஸ்1 என்ற பெயரோடு வெளியே நிற்கும். அலுவலகத்து இயந்திரம் வயர்கார்டு சுரங்கம் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு) வழியாக அதனோடு பேசும். கடிதம் உள்ளே வருவதும் வெளியே போவதும் எம்எக்ஸ்1 வழியாகத்தான். போடி இணைப்பு போனால் கேரள இணைப்பில் சுரங்கம் மறுபடி எழும். வெளியுலகம் பார்க்கும் ஐபியும் பெயரும் அசையாது. அலுவலகத்து இயந்திரத்துக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மலையின் பெயர் வைக்கும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். போன்களுக்கான மெயில் என்ற பெயர் விபிஎஸ்ஸின் ஐபியையே காட்டும், அதன் 993 போர்ட் (போன்கள் கடிதம் படிக்கும் வழி) சுரங்கத்துக்குள் திருப்பப்படும். அலுவலகத்து இயந்திரத்துக்கான சான்றிதழை டிஎன்எஸ் பதிவு மூலம் நிரூபித்து வாங்கினால் வெளியே எதையும் திறக்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. எந்தெந்த முகவரிகள் உண்மையில் இருக்கின்றன என்று முன்வாசல் இயந்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இல்லாத முகவரிக்கு வந்ததையெல்லாம் வாங்கி உள்ளே அனுப்பும், உள்ளே மறுக்கப்படும், பிறகு முன்வாசல் அப்பாவி யாருக்காவது "உங்கள் கடிதம் திரும்பியது" என்று எழுதும். ஸ்பேம் அனுப்புபவர்கள் போலி அனுப்புநர் முகவரிகளைப் போடுவதால் அப்படிப்பட்ட கடிதங்கள் கொட்டும், எம்எக்ஸ்1 என்ற நல்ல பெயர் கெடும்.

நிறுவனத்தில் கணினி தெரிந்த ஆள் நிரந்தரமாக இல்லையென்றால் முழு விபிஎஸ் போதும். கடிதங்கள் தன் பீரோவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் மூன்றாவது வழி. அலுவலக இணைப்பில் நேராக வைப்பதை, பிடிஆர் தருகிறோம் என்று இணைப்பு நிறுவனம் எழுத்தில் கொடுத்தால் மட்டும் யோசிப்பேன்.

ஒரு சர்வர், பல நிறுவனங்கள்

அண்ணன் தம்பி, மைத்துனர் என்று ஒரே குடும்பத்தின் நான்கைந்து நிறுவனங்கள் ஒரே சர்வரைப் பகிர்வது இங்கே வழக்கம். ஒவ்வொரு டொமைனுக்கும் அதனதன் மெயில் பெயரா, எல்லோருக்கும் பொதுவாக ஒரே இயந்திரப் பெயரா?

ஐபிக்கு ஒரு பிடிஆர் என்பதே நல்ல வழக்கம். அப்படியானால் ஐந்து பெயர்களில் ஒன்றுதான் தலைகீழ்ப் பதிவில் இடம்பெறும், மற்ற நான்கும் அலங்காரம். சான்றிதழில் எல்லாவற்றையும் சேர்க்கலாம், அல்லது போஸ்ட்ஃபிக்ஸ் 3.4 முதல் உள்ள வசதியால் கேட்கும் பெயருக்கேற்ற சான்றிதழைக் காட்டலாம். போன்களுக்குப் பெட்டியைத் திறந்துகாட்டும் மென்பொருளான டவ்காட்டிலும் அதற்கு வழி உண்டு. ஆனால் குடும்பத்தில் ஒருவர் டொமைனைப் புதுப்பிக்க மறந்தால், எல்லாப் பெயரையும் ஒன்றாகத் தாங்கும் சான்றிதழின் புதுப்பித்தலே நின்றுபோகும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுள் 90 நாள்தான்.

பொதுப் பெயர் என்றால், எந்த நிறுவனத்தோடும் ஒட்டாத தனி டொமைன் ஒன்றை சர்வருக்கென்றே வாங்கி, அதன் கீழ் எம்எக்ஸ்1 வைத்து, எல்லா டொமைன்களின் எம்எக்ஸ் பதிவையும் அதற்குத் திருப்புவது. நான் இதைத்தான் செய்கிறேன். பங்காளிகள் பிரிந்தாலும் ஒருவர் தன் எம்எக்ஸை மாற்றிக்கொண்டு போகலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. முதலாளிகளுக்கு இது உடனே பிடிப்பதில்லை. "நம் பெயர் ஏன் தம்பி அதில் இல்லை?" என்பார்கள். "கடிதத்தில் உங்கள் பெயர்தான் அண்ணே இருக்கும், கொண்டுபோகிற வண்டிக்குத்தான் வேறு பெயர்" என்று சொல்லி, ஒரு கடிதத்தைத் திறந்து காட்டிவிட வேண்டும்.

டிமார்க் இடிக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. இடிக்காது. டிமார்க் பார்ப்பது அனுப்புநர் முகவரியின் டொமைனோடு எஸ்பிஎஃப் பார்க்கும் உறை டொமைனோ (கடிதம் திரும்பினால் போய்ச் சேரும் முகவரியின் டொமைன்) டிகேஐஎம் கையெழுத்தின் டொமைனோ பொருந்துகிறதா என்பதை. இயந்திரத்தின் பெயர் அந்தக் கணக்கில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் டொமைனுக்கு டிகேஐஎம் சாவி வைத்தால் போதும். பலர் விட்டுவிடும் பதிவு வேறு: இயந்திரப் பெயருக்கே ஓர் எஸ்பிஎஃப். திரும்பிவந்த கடித அறிவிப்புகளுக்கு உறையில் அனுப்புநர் காலியாக இருக்கும். அப்போது பெறுபவர், ஹலோவில், அதாவது இணைத்ததும் சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் வரியில், சொன்ன பெயரின் எஸ்பிஎஃப்பைத்தான் பார்ப்பார். "என் ஏ பதிவில் உள்ள ஐபி தவிர வேறு எதுவும் இல்லை" என்று எம்எக்ஸ்1-க்கு ஒரு வரி எழுதிவைப்பது நல்லது.

ஜிஎஸ்டி எண் இரண்டு என்பதால் டொமைனும் இரண்டு வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். கேரளக் கிளைக்குத் துணை டொமைன் போட்டால் வாங்குபவர் இரண்டு முகவரி நினைவில் வைக்க வேண்டும். விலைப்பட்டியலில் எந்த எண் இருக்கிறது என்பதே சட்டத்துக்கு முக்கியம், எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதல்ல. துணை டொமைனுக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு: நூற்றுக்கணக்கான வியாபாரிகளுக்குப் போகும் விலைச் சுற்றறிக்கை. அதை யாராவது ஸ்பேம் என்று அழுத்தினாலும் அடி பெரும்பாலும் அந்தத் துணை டொமைன் மேல் விழும், பில் போகும் முகவரிக்குக் குறைவாகவே வரும்.

காம், இன், இந்தியா

இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. காம், இன் இரண்டுமே அஞ்சலுக்கு ஒன்றுதான். விலையும் கிடைப்பதும் முடிவு செய்யட்டும். மிக மலிவாக முதல் வருடம் விற்கும் புதுப்புது வால்களை ஸ்பேம் வடிகட்டிகள் ஐயத்தோடு பார்க்கின்றன என்பதால் அவற்றைத் தவிர்க்கிறேன்.

தமிழ் எழுத்திலேயே புள்ளி இந்தியா என்று முடியும் டொமைனும் வாங்கலாம். இணையதளத்துக்கு அழகு. டிஎன்எஸ்ஸுக்குள் அது ஆங்கில எழுத்துக் குறியீடாக மாறிப் போவதால், டொமைன் மட்டும் தமிழில் இருக்கும் முகவரியைப் பழைய சர்வருக்கும் அந்த உருவில் கொடுத்துவிட முடியும். அட் குறிக்கு முன்னால் உள்ள பெயரும் தமிழில் என்றால் வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் எஸ்எம்டிபியுடிஎஃப்8 என்ற நீட்சியை ஏற்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் 2015-ல் 3.0 பதிப்பிலேயே ஏற்றது. வாங்குபவரின் கணக்கு மென்பொருளுக்கு உத்தரவாதம் தர முடியாது. தமிழ் முகவரியைக் கூடுதல் முகவரியாக வைத்து, அதே பெட்டியில் விழச் செய்யலாம். இயந்திரத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

அலுவலகத்துக்குள்ளே

பழைய விண்டோஸ் சர்வர் இருக்கும் இடங்களில் உள் நெட்வொர்க்கின் டொமைன் புள்ளி லோக்கல் என்று இருக்கும். 2013-ன் ஆர்எஃப்சி 6762 அந்த வாலைப் பக்கத்துக் கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. மேக்குகளும் பிரிண்டர்களும் அதைக் கண்டால் டிஎன்எஸ்ஸிடம் கேட்காமல் அறைக்குள் கூவும். புதிதாக அமைப்பவர்களுக்கு 2024-ல், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் ஒதுக்கிய புள்ளி இன்டர்னல் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் அது வெளியே போகும் ஹலோவில் வரக் கூடாது. அந்தப் பெயருக்குப் பொது டிஎன்எஸ்ஸில் பதில் இல்லை என்பதாலேயே பல சர்வர்கள் கதவைச் சாத்தும்.

சர்வர் அலுவலகத்தில் இருந்தால், வைஃபையில் இருக்கும் போன் மெயில்.எக்ஸாம்பிள்.காமைத் தேடி வெளி ஐபிக்குப் போய், ரவுட்டர் திருப்பிவிடத் தெரியாமல் விழிக்கும். உள்ளே மட்டும் அந்தப் பெயருக்கு உள் ஐபியைச் சொல்லும் தனி டிஎன்எஸ் வைப்பது ஒரு தீர்வு, திருப்பிவிடத் தெரிந்த ரவுட்டர் வாங்குவது மற்றொன்று. பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் ரவுட்டரையே மாற்றிவிடுகிறேன். உள் டிஎன்எஸ்ஸில் ஒரு பெயர் இருப்பதை அடுத்து வருபவர் கண்டுபிடிக்கவே மாட்டார்.

இடம் மாற்றும்போது மட்டும் வரிசை முக்கியம். புதிய ஐபி கைக்கு வந்ததும் பிடிஆருக்குத்தான் முதல் விண்ணப்பம். அது வரும்வரை எதையும் தொட வேண்டாம். இதற்கிடையில் ஏ பதிவின் ஆயுளை (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 வினாடிக்குக் குறைத்து, பழைய ஆயுள் முழுதாகக் கழியும்வரை காத்திருங்கள். எஸ்பிஎஃப்பில் இரண்டு ஐபிகளையும் எழுதுங்கள். பிடிஆர் புதிய ஐபியில் எம்எக்ஸ்1 என்று காட்டத் தொடங்கிய பிறகு ஏ பதிவைத் திருப்புங்கள். பழைய இயந்திரத்தை உடனே அணைக்காமல், வரும் கடிதத்தைப் புதியதற்குத் தள்ளிவிடும்படி ஒரு வாரம் ஓட விடுங்கள். பழைய பதிவைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்வர்கள் அதற்குள் ஓய்ந்துவிடும்.